ஊசிக்கு மூடி

இடது ஆட்காட்டி விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் இன்னாசியம்மாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தழும்புகூட இல்லை. பார்த்து முடித்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு, என் கழுத்தில் பச்சைத் துணியைக் கட்டி, "வாய நல்லாத் தொறங்கக்கா, ஒண்ணும் செய்யாது" என்கிறார். அவர் குரலே நடுங்கினால், நாற்காலியில் சாய்ந்து கிடப்பவள் கதி என்ன?

புதுக்கோட்டையில் டாக்டர் குணசேகரனின் பல் மருத்துவமனைக்கு வேர் சிகிச்சைக்காக மூன்று முறை மாடியேறினேன். அங்கே டாக்டர் செய்யாத எல்லா வேலையும் இன்னாசியம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். ஆவூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வந்ததும் மேசைக்கு மேலிருக்கும் முருகன் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். கேட்டால், "யாரா இருந்தா என்னக்கா, காப்பாத்துனாச் சரி" என்பார்.

ஊசி இறங்கும்போது நம் தோளைத் தட்டிக்கொண்டே "இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்வது அவர் வழக்கம். லேசில் முடியாது. ஆனாலும் அந்தக் கை தோளில் இல்லாவிட்டால் நான் முதல் நாளே எழுந்து ஓடியிருப்பேன்.

இரண்டாம் முறை போனபோது, ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் இன்னாசியம்மாள் என் காதருகே குனிந்து பேசத் தொடங்கினார். மரத்த வாய்க்காரியிடம் சொன்னால் வெளியே போகாது என்று நினைத்தாரோ என்னவோ.

"ஊசி குத்திருச்சுக்கா."

எனக்கு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"ஒங்களுக்கில்ல, எனக்கு. ரெண்டு மாசம் முன்னாடி."

டாக்டர் ஊசி போட்டதும் திறந்த ஊசியை அப்படியே பின்பக்கம் நீட்டுவாராம். இவர் ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் மூடியுமாகப் பிடித்து மூடுவார். இத்தனை வருஷமாக அப்படித்தான். அன்றைக்குக் கை தவறியது. யாரோ ஒருவர் ஈறுக்குள் போய் வந்த ஊசி இவர் விரலுக்குள் போனது. டாக்டரிடம் சொன்னால் கவனமில்லை என்று திட்டுவார் என்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரத்தம் முழுக்க வெளியே வந்துவிடட்டும் என்று விரலைப் பிதுக்கு பிதுக்கென்று பிதுக்கியிருக்கிறார்.

அப்போதுதான் ஞானமணியின் நினைப்பு வந்தது. அறந்தாங்கியில் இதே வேலை செய்பவர், பல் மருத்துவ உதவியாளர் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பவர். சேரச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டும் இவர் பிடிகொடுக்கவில்லை. அன்றைக்கு இவரே போனில் கூப்பிட்டார்.

"'பிதுக்காதடி, சோப்புப் போட்டுக் கழுவு, இந்த நிமிசமே பெரியாஸ்பத்திரிக்குப் போ, நான் வாரேன்'னுச்சு. வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு எறங்குனேன். அது பஸ் புடிச்சு வந்து எங்கூடவே ஒக்காந்துருந்துச்சுக்கா. எனக்குன்னு கேக்க ஒரு ஆளு."

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று எடுத்த முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இன்னொன்று இருக்கிறது. அதுவரை மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டவும் பயம், பயப்படத் தேவையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் பயம்.

சங்கத்தில் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறவுக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகிறார். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட வைத்தார்கள். மூடியைத் தட்டில் படுக்க வைத்து, ஊசியை ஒற்றைக் கையால் அதற்குள் நுழைத்து மூடுவது எப்படி என்றும் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் பேனாவையும் அதன் மூடியையும் வைத்து அதைப் பழகிவிட்டார். இங்கே மட்டும் இன்னமும் இரண்டு கைதான்.

"ஒத்தக் கையில மூடுனா, யாரு சொன்னான்னு கேப்பாருல்லக்கா."

டாக்டர் கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துத் தருகிறவர். ஆனால் முன்பு வேலை பார்த்த சரண்யா சங்கத்தில் சேர்ந்தபோது, "எங்கிட்ட என்ன கொறையக் கண்ட? அங்கிட்டே போயி வேல பாத்துக்க" என்று அன்றே அனுப்பிவிட்டார். இன்னாசியம்மாளின் கணவர் சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து வீட்டில் கிடக்கிறார். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் ஞானமணியின் எண் இவர் போனில் 'சித்தி' என்றிருக்கிறது.

"ஊசிக்குப் பயப்படவா, வேலைக்குப் பயப்படவா, சொல்லுங்கக்கா."

டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து தட்டை அடுக்கத் தொடங்கினார்.

மூன்றாம் முறை. மறுநாள் அவருக்கு இரண்டாவது பரிசோதனை. துணி கட்டும்போது அவர் விரல்கள் ஜில்லென்று என் கழுத்தில் பட்டன. "இந்தா முடிஞ்சிருச்சு" என்று தோளைத் தட்டினார். ஊசி வெளியே வந்தது. டாக்டர் வழக்கம்போலப் பின்பக்கம் நீட்டினார். ஆனால் பஞ்சு கேட்பதற்காக அன்று அவரும் திரும்பினார்.

இன்னாசியம்மாள் மூடியைத் தட்டில் படுக்க வைத்திருந்தார். டாக்டர் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. எடுத்துவிடம்மா, மூடியைக் கையில் எடுத்துவிடு என்று கத்தத் தோன்றியது.

"என்னம்மா இது புதுசா? யாரு சொல்லிக் குடுத்தா?"

போனில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரும் நம்பியிருப்பார்.

"சங்கத்துல, டாக்டர். நான் சேந்துட்டேன்."

டாக்டர் பஞ்சு கேட்க மறந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசியம்மாள் வலது கையால் ஊசி முனையை மூடிக்குள் நுழைக்க முயன்றார். முதல் தடவை தவறியது. இடது கை உதவிக்கு வரவில்லை. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஊசியை மூடியை நோக்கி நகர்த்தினார்.