இறக்கையில் கோடு ஒன்றா, இரண்டா

பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். உருளையில் முடி அளவு பிசகு தெரிந்தாலும் சிவப்பு மை அடித்து ஒதுக்கிவிடுவேன். ஓய்வு பெற்றபின் ஒதுக்குவதற்கு எதுவும் இல்லை. மனைவியின் சாம்பாரில் குறை சொல்லிப் பார்த்தேன். அது இரண்டு நாளோடு நின்றது. அதற்கப்புறம்தான் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் பறவை பார்க்க வருகிறவர்களோடு சேர்ந்தேன்.

அந்தக் குழுவில் பறவையைவிட லென்ஸுக்கு மரியாதை அதிகம். என்னுடையது சின்னது, அதனால் கடைசியில்தான் நிற்பேன். கொக்கு, நீர்க்காகம், நாமக்கோழி எல்லாம் அவர்களுக்குச் 'சாதாரணம்'. கல்யாணத்துக்கு அழையாமல் வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு காலை, கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தில் ஒரு குருவியைக் கண்டேன். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். ஒரு நொடிகூட உட்காரவில்லை. நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தெட்டில் இலைதான் இருந்தது.

சுமாரான ஒரு படத்தைக் குழுவில் போட்டேன். கதிர்க்குருவி என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எந்தக் கதிர்க்குருவி என்பதில்தான் சண்டை. இறக்கையில் ஒரு கோடு இருந்தால், குளிர்காலத்தில் வடக்கே இருந்து கூட்டமாக வந்து எல்லா மரத்திலும் பூச்சி தின்னும் சாதாரணப் பறவை. இரண்டு கோடு இருந்தால், சைபீரியாவிலிருந்து வழிதவறி வந்த அபூர்வம். என் படத்தில் இறக்கையை இலை மறைத்திருந்தது. குழு இரண்டாக உடைந்தது. இருபது வருட நண்பர்கள் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

செய்தி எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் எட்டியது. மைனா எச்சம் தன் வெள்ளைக் காரில் விழுகிறதென்று அந்தப் புங்கமரத்தை வெட்டத் தீர்மானம் போட்டு வைத்திருந்தவர் அவர்.

"அபூர்வப் பறவையா சார்?" என்று படிக்கட்டில் மடக்கினார். "அப்படின்னா டிவில வருமா?"

"வரலாம்" என்றேன்.

"சரி, என்னான்னு தெரியற வரைக்கும் மரத்த வெட்ட வேணாம்."

அன்று மாலையே தெளிவான படம் ஒன்று கிடைத்தது. இறக்கை முழுக்கத் தெரிந்தது. ஒரே ஒரு கோடு. நான் அதைக் குழுவில் போடவில்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாக, தவறென்று தெரிந்த ஒன்றைத் தேறவிட்டேன். மரத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஞாயிறு ஏரிக்கரையில் என்னை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் குழுவிலிருந்து ஐந்து நிபுணர்கள் எங்கள் சமையலறைக்கு வந்தார்கள். தோசைக் கல்லுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஐந்து லென்ஸ்கள். என் மனைவி மாவுப் பாத்திரத்தை ஒருவர் கையில் கொடுத்து, "செத்த புடிச்சுக்குங்க" என்றாள். குருவி இலைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. குரல் மட்டும் கேட்டது.

குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "மூணு அசை. ரெண்டு கோட்டுப் பறவைதான் மூணு அசையில கூப்பிடும். சந்தேகமே இல்ல."

"ரெண்டுதான் சார்" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பியபடி. "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வருது, பங்குனில போயிடுது. ச்சி-வீ, ச்சி-வீ. அவ்ளோதான். மூணாவதா கேக்கறது உங்க கேமரா சத்தம்."

கேமராக்களைக் கீழே வைத்தார்கள். ச்சி-வீ. இரண்டுதான்.

காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார்கள். மாவுப் பாத்திரம் பிடித்தவர் மட்டும் ஒரு தோசை சாப்பிட்டார்.

அவர்கள் போனதும் மனைவியிடம் கோபப்பட்டேன். "பங்குனில அது போற வரைக்கும் நீ பேசாம இருந்திருந்தா மரம் நின்னிருக்கும்."

"உங்க கேமராவுல படத்தப் பாத்தேன்" என்றாள். "ஒத்தக் கோடு. பொய் சொன்னதுக்குப் பதிலா, மரத்த வெட்டாதீங்கன்னு நேரா கேட்டிருக்கலாம் இல்ல?"

மறுநாள் செயலாளரிடம் நேராகவே கேட்டேன். சாதாரணப் பறவைக்காகத் தீர்மானத்தை மாற்ற விதியில் இடமில்லை என்றார்.

மரம் வெட்ட வந்தவர் கையில் அரிவாளோடு கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், பச்ச மரம். நல்லா நெழல் குடுத்துகினு கீது. அடியோட வெட்றதுக்கு வேற ஆள பாருங்க. மேலாக்க கழிச்சு உட்றேன், அவ்ளோதான்."

"எழுத்துல தீர்மானம் இருக்குப்பா" என்றார் செயலாளர்.

"அப்ப அத்தயே ஏறச் சொல்லுங்க."

கிளைகளை மட்டும் கழித்துவிட்டுப் போனார். மொட்டைத் தண்டு நின்றது. வெயிலில் காய்ந்த வெள்ளைக் காருக்குச் செயலாளர் உறை வாங்கினார். ஏரிக்கரைக் குழுவில் நான் பழையபடி கடைசிக்குப் போனேன். அங்கிருந்தும் கொக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் ஜன்னலில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டம்மா, மதில் ஓரம் நின்று என் மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க குருவி எங்க முருங்கையிலதான் கீது. காலையில இருந்து கத்திகினே கீது. பாக்கணும்னா வாங்க. அந்த கேமராக்காரங்கள மட்டும் இட்டுகினு வந்துடாதீங்க."