மெதுவாக ஓட்டத் தெரியாத மேனுகா

குழியைக் கண்டால் மேனுகா ஒதுங்குவதில்லை. மாரி மழைக்கு மண்டூர்ப் பக்கத்து வயல்வட்டைப் பாதைகள் சேறும் சகதியுமாகக் கிடக்கும்போது, மற்றவர்கள் ஓரத்துப் புல்லைத் தேடித் தேடிச் சைக்கிளை உருட்டுவார்கள். இவள் நட்ட நடுவால் விடுவாள். கேட்டால், "சுத்திப் போனாலும் சேறுதான், நடுவால போனாலும் சேறுதான். மறுகா என்னத்துக்குக் கா சுத்துறது?" என்பாள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற கட்சி.

தொழில், பால் சேர்ப்பது. விடியுமுன் புறப்பட்டு, வயல்வெளிக்கு நடுவே மேட்டில் இருக்கும் மாட்டுப் பட்டிகளுக்குப் போய், கரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் கேன்களை நிரப்பிக்கொண்டு, பால் வண்டி வருமுன் சந்திக்கு வந்துவிட வேண்டும். பிந்தினால் வண்டியும் நிற்காது, பாலும் நிற்காது. கட்டாரில் இருக்கும் கணவன் மோட்டார் சைக்கிள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "அத ஆர் தோளில தூக்கிறது?" என்று திருப்பிக் கேட்டவள். வாய்க்கால் குறுக்கிட்டால் கேன்களை முதலில் அக்கரை சேர்த்துவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பவளுக்கு அது நியாயமான கேள்விதான்.

அவளுடைய சைக்கிளுக்கு மட்காட் கிடையாது. சேறு அடைக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டாள். அதனால் முதுகு நெடுகச் சேறு தெறித்திருக்கும். அதோடுதான் கடைக்கும் போவாள். யாராவது சிரித்தால் திரும்பி நின்று நன்றாகக் காட்டுவாள்.

தைப்பொங்கலை ஒட்டி ஊர் விளையாட்டுக் கழகம் ஒரு சேற்றுச் சைக்கிளோட்டம் வைக்கிறது. மைதானத்தில் தொடங்கி, வரம்புகளால் போய், வாய்க்காலில் சைக்கிளைத் தூக்கிக் கடந்து, வாவிக்கரைச் சதுப்பைச் சுற்றி மைதானத்துக்கே வர வேண்டும். பெண்களுக்கென்று மெதுவான சைக்கிளோட்டம் தனியாக உண்டு. கடைசியாக வருகிறவருக்குத்தான் அதில் பரிசு. அந்தப் பெயரைக் கேட்டாலே மேனுகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிந்தி வந்தாப் பரிசாம்! இத என்ட பால் வண்டிக்காரனுக்குச் சொல்லுங்க."

முரண்டு பிடித்து ஆண்களோடு சேற்றோட்டத்தில் இறங்கினாள். முதல் வருடம் செயின் அறுந்தது. போன வருடம் முழுத் தூரமும் ஓடித்தான் வந்தாள். வந்தபோது மைதானத்தில் நடுவரும் இல்லை, நாயும் இல்லை. "ஆரும் காணல்ல, அது கணக்கில்ல" என்று முடித்துவிட்டார் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி. இந்த வருடம் ஓட்டம் தொடங்குமுன் மைக்கிலேயே சொன்னார்: "மேனுகா இந்த முறையும் முடிக்காட்டி, வாற வருசத்தில இருந்து இது ஆம்பிளையளுக்கு மட்டும்தான். பொண்டுகளுக்கு மெதுவான ஓட்டம் கிடக்கு." கூட்டம் சிரித்தது. அடுத்த முறை தாங்களும் இறங்குவோம் என்று சைக்கிளைத் திருத்தி வைத்திருந்த கம்சாயினியும் அவளுடைய தோழிகளும் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓம், பாப்பம்" என்றாள் மேனுகா.

மழை விடாமல் தூறியது. கியர் சைக்கிள்காரர்கள் முதலில் சீறிப் பாய்ந்தார்கள். வரம்பில் ஏறியதும் கியர்ப் பல்லுக்குள் களிமண் அடைத்து, ஒவ்வொருவராக இறங்கிக் குச்சியால் குடைந்துகொண்டு நின்றார்கள். மேனுகா சைக்கிளைத் தோளில் போட்டபடி, "இருந்து கிண்டுங்க தம்பிமார், நான் வாறன்" என்று அவர்களைக் கடந்து போனாள். முன்னால் இன்னும் மூன்று பேர்தான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

அங்கேதான் வினை. மருதமரத்தடியில் வரம்பு இரண்டாகப் பிரியும். ஓட்டம் போவது வலப்பக்கம். அவள் நித்தம் பாலுக்குப் போவது இடப்பக்கம். முகத்துச் சேற்றை வழித்தபடி மிதித்தவளைக் கால் தன்பாட்டில் இடப்பக்கம் கொண்டுபோயிற்று. செக்குமாட்டைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாலும் வட்டம்தானே போடும்! பட்டி வாசலில் பிரேக் பிடித்து, கேனை எடுக்கப் பின்னால் கை நீட்டியபோதுதான் கேன் இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது.

பட்டிக்காரி கண்ணகை வாளியோடு வெளியே வந்தாள். "விடியக் காலத்தாலதானே பால் கொண்டு போன நீ? மறுகா என்னத்துக்குப் புள்ள வந்த?"

மேனுகா தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் விளங்கியதும் கண்ணகை குரலைத் தாழ்த்தினாள். "பின்பக்கத்தால வாய்க்கால் கட்டு கிடக்கு. அதால போனா முன்னுக்குப் போனவனுகளையும் பிடிச்சிரலாம். ஆர் காணப்போறா?"

"ஆரும் காணல்லண்டுதான் போன வருசம் என்ட ஓட்டத்தக் கணக்கில்லண்டானுகள். இந்த வருசம் நானே களவா ஓடவா? வந்த வழியாலதான் கிறுகிப் போகணும் கா."

திரும்பி மிதிக்கும்போது அழுகை வந்தது. அழுதாள், ஆனால் அழுகைக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. குச்சியால் குடைந்துகொண்டு நின்றவர்கள் எல்லாரும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். மருதமரத்தடியில் வலப்பக்கம் கிறுகி, வாய்க்காலைத் தனியாகத் தூக்கிக் கடந்தாள். வாவிக்கரைச் சதுப்பில் இரண்டு தரம் விழுந்தாள். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. மற்றதை அவளே கழற்றி எறிந்தாள்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. முடிவிடத்தில் கட்டியிருந்த நாடா அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது. இரண்டு கம்பில் ஒன்றைப் பிடுங்கிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"மேனுகா, எல்லாம் முடிஞ்சுது புள்ள. காலக் கழுவிட்டு வா, தேத்தண்ணி கிடக்கு" என்றார் வினாயகமூர்த்தி மைக்கில், நல்ல குரலில்தான்.

அவள் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். நாடாவைப் பொறுக்கி, ஒரு முனையை மிச்சம் நின்ற கம்பில் இறுக்கிக் கட்டினாள். மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு, தலைவரைக் கைகாட்டி அழைத்தாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இறங்கி வந்தவரின் கையில் அதைத் திணித்தாள்.

"இதப் பிடியுங்க அண்ணன். இந்த முறை நீங்களே காணுங்க."

பிறகு சைக்கிளைத் திருப்பி, வந்த சேற்றுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போய், ஏறி உட்கார்ந்து, தலைவர் நாடாவை நெஞ்சளவு உயர்த்தும்வரை ஒற்றைக் காலை ஊன்றியபடி நின்றாள்.