அரை ஆம்பியர்

"நாலு பாயிண்ட் ரெண்டு. நாலு பாயிண்ட் ரெண்டு. மூணாவது நாலு பாயிண்ட் ஒண்ணு ஒம்போது." சார்ஜரின் சின்னத் திரையைப் பார்த்து மகள் பேட்டரியின் ஆறு செல் வோல்டேஜையும் வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா "ம்" போட்டார்.

அது வியாழக்கிழமை காலை. பேட்டரி அவளுடையது, ஆபீஸ் சோதனைக்காக ஐந்து ஆம்பியரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி ரெடின்னு கடைக்காரன் பத்து நாளா போன் பண்றான்ப்பா."

"வாங்குவேன். நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு கண்ணாடி? நீதான் என் கண்ணு. என்ன, இந்தக் கண்ணுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம்."

வாசலில் ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. வயர்களைப் பிடுங்கி, பேட்டரியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் ரிப்பேர் கடை. பந்தயம் விடும் பொம்மைக் கார்கள், பறக்கும் கேமராக்கள், அவற்றின் பேட்டரிகள். தெருவில் அவர் பெயர் 'மீட்டர்'. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த பேட்டரியைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். திறந்தால் எதிரில் இருப்பவர் காது புண்ணாகிவிடும். உப்பிப்போன பேட்டரியை "சும்மா ஒரு தடவை ஏத்திக் குடுங்க" என்று நீட்டிய ஒருவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளியிருக்கிறார். சொந்தத் தம்பி மேல் சூடான சால்டரிங் அயனை வீசி முழங்கையில் தழும்பு போட்டவர். மனைவி மேலும் மகள் மேலும் கை வைத்ததில்லை. அந்தப் பாக்கியை வீட்டுக் கதவுகள் வாங்கிக்கொண்டன.

கடையில் இரண்டு சட்டம் உண்டு. ஒருவர் திரையை வாசிக்க, மற்றவர் "ம்" சொன்ன பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். சார்ஜரைக் கடைசியாகத் தொட்டவர் கரண்டை அரை ஆம்பியருக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வருகிற பேட்டரிகளில் முக்கால்வாசி அதற்கு மேல் தாங்காதவை.

அன்று மதியம் வாசிக்க ஆள் இல்லை. வங்கிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன, மூன்று செல் கொண்ட சின்ன பேட்டரி ஒன்றை டைல்ஸ் துண்டு மேல் வைத்து அவரே பட்டனை அழுத்தினார். அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தீப்பிடித்தால் அடங்கட்டும் என்று பெரியவற்றைத்தான் மணல் சட்டிக்குள் வைத்து ஏற்றுவார்; சின்னதுக்கு அது எதற்கு என்பது அவர் எண்ணம்.

சமையலறையில் இருந்த அம்மாவுக்குச் சீறல் கேட்டது. எட்டிப் பார்த்தபோது மேசையிலிருந்து வெள்ளை நெருப்பு பக்கவாட்டில் பீய்ச்சியடித்தது. மேலே அலமாரியில் பதினோரு பேட்டரிகள். அப்பா எரியும் பேட்டரியை வெறுங்கையால் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். வாசற்படியில் அது கையிலேயே வெடித்தது. இரண்டு விரல்கள் போயின. மேசை எரிவதைப் பார்த்துத் திரும்ப உள்ளே போனார். மணலைக் கொட்டி அணைத்துவிட்டுத்தான் விழுந்தார். உள்ளே இழுத்த புகை மூன்றாம் நாள் மூச்சை நிறுத்தியது.

எட்டாம் நாள் சித்தப்பா இரும்புக் குழாயோடு வந்தார்.

"பந்தயத்துல அடிபட்டதை மறைச்சு பேட்டரியைக் குடுத்திருக்கான் அந்த வங்கிக்காரன். எங்கண்ணன் ரெண்டு விரல் இல்லாம சுடுகாட்டுக்குப் போனாரு. அவன் பத்து விரலோட நோட்டு எண்ணிட்டு இருக்கான். இன்னைக்கு அவன் மூஞ்சிய..."

"சித்தப்பா, அரை மணி நேரம் உட்காருங்க."

"ஏன்?"

"கடைசியா எதுல ஓடுச்சுன்னு சார்ஜர் ஞாபகம் வச்சிருக்கும். பாத்துட்டுச் சொல்றேன். அப்புறம் போங்க."

சார்ஜரின் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அதைத் திறந்து, நினைவுச் சில்லைப் பெயர்த்தெடுத்து, தன் மடிக்கணினியோடு இணைத்தாள். அது அவள் தினமும் செய்கிற வேலை. செல் மூன்று. கரண்ட் ஐந்து.

திரை எழுத்து தெரியாமல், ஆறு செல்லிலிருந்து மூன்றுக்கு, பட்டன் தட்டலை விரலால் எண்ணி அப்பா இறக்கியிருக்கிறார். கரண்டை அவர் தொடவே இல்லை. அதைத் திருப்பி வைப்பது மகளின் பொறுப்பு.

"என்னம்மா?"

"அஞ்சு. அரையில ஓட வேண்டியது. பத்து மடங்கு."

"யாரு வச்சது?"

"நான். ஹாரன் அடிச்சான், அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். அந்தாளைத் தொடாதீங்க. அடிக்கணும்னா என்னை அடிங்க."

சித்தப்பா குழாயை ஓங்கினார். அவள் நகரவில்லை. அது சார்ஜர் மேல் இறங்கியது. மறுபடி, மறுபடி. பிளாஸ்டிக் சிதறி, ஒரு துண்டு அவள் கன்னத்தைக் கிழித்தது. மேசைப் பலகை பிளந்த பிறகுதான் நிறுத்தினார். குழாயைத் தெருவில் எறிந்துவிட்டுக் கருகிய சுவரில் தலையை முட்டினார்.

"பாத்திருக்கலாமேடா அண்ணா... ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாமே..."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பை மூலையில் கிடந்தது. கன்னத்து ரத்தத்தைத் துடைக்கத் துணி தேடி அதைப் பிரித்தாள். அப்பாவின் சட்டை, வலது கை தோள் வரை கருகியிருந்தது. இடது பைக்குள் நாலாக மடித்த சீட்டு: கண்ணாடிக் கடை ரசீது. பின்பக்கம், தனக்கே தெரிய வேண்டும் என்று விரல் அகலத்துக்கு எழுதியிருந்தார்: "வியாழன் சாயங்காலம், மறக்காம."