பிள்ளையைத் தூக்குமுன் ஒரு குளியல்

காரைக்குடியில் நான் தினமும் இரண்டு முறை குளிக்கிறேன் என்று எழுதினால் ரங்கூன் தோழிகள் சிரிப்பீர்கள். அங்கே மூன்று முறை குளித்தவள்தானே நீ என்பீர்கள். அங்கே வானம் ஊற்றியது, குளித்தோம். இங்கே மழை வருவதாகப் போக்குக்காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். கிணற்றில் கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாளி தண்ணீரைத் தொடுவதற்குள் கை கடுத்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலையோடு குளித்துவிட்டுத்தான் நான் பெற்ற பிள்ளையைத் தூக்க வேண்டும். அழுக்கு இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை.

நான் இங்கே வந்த கதை உங்களுக்குத் தெரியும். மில்லில் ஆள் குறைத்து, மிஞ்சியவர்களின் சம்பளத்தையும் குறைத்தபோது, என் வீட்டுக்காரர் என்னையும் பிள்ளைகளையும் கப்பலேற்றி ‘ஊருக்கு’ அனுப்பினார். ஒக்கூர்ப் பக்கம் என்று என் பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊர்தான் எனக்கு. நான் பிறந்தது ரங்கூனில். உறவுக்காரர்கள் முதலில் கொண்டாடினார்கள். பிறகு, எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கத் தொடங்கினார்கள். ரங்கூனில் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் காரைக்குடிப் பயிற்சிப் பள்ளியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால் என் பிள்ளைகள் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மீனாட்சி அக்கா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. நிலபுலம் உள்ள குடும்பம்; கணவர் இல்லை, பிள்ளை இல்லை. என் மகன் நாலு வயசுக் குமரனையும் கைக்குழந்தை செல்லத்தையும் பகலெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். குமரன் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டு, அவர் இலையிலேயே சாப்பிடப் பழகிவிட்டான். நான் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே பாடக்குறிப்பு எழுதினால், “அங்குட்டுப் போயி எழுதுங்க டீச்சரம்மா, நான் ஆட்டுறேன்” என்பார். நல்ல மனுஷி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியில் ‘கிரிட்டிசிசம் லெசன்’ என்று ஒன்று உண்டு. ஒருத்தி பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குற்றம் குறை எழுதுவார்கள். மாமியார்கள் கூடிப் பெண் பார்ப்பது மாதிரிதான். பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்த ஆரம்பப் பள்ளியில், பயிற்சி முடியும்வரை எனக்குக் கிடைத்தது அரிச்சுவடி வகுப்பு. தட்டில் மணலைப் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுத வைக்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் முறை. நான் வரிசையாகப் பிடித்துக்கொண்டே போனேன். கதவோரம் தள்ளி, பேச்சி என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவள் விரலையும் பிடித்தேன். பின்னால் பேனாக்கள் நின்றுவிட்டன. சர்க்கார் உத்தரவினால் அந்த வருஷம் சேர்த்துக்கொண்ட சேரிப் பிள்ளை அவள் என்பதும், எனக்கு முன் பாடம் நடத்தியவர்கள் அவளுக்கு மட்டும் குச்சியால் எட்ட நின்று எழுதிக் காட்டினார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் ஏதோ துணிச்சலாகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கூனில் சீனப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தவள் நான். கதவோரம் என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. பேச்சி மட்டும் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மீனாட்சி அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

“கொல்லைப்பக்கமா வந்து குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்குங்க.”

வெயிலில் வந்தவளுக்கு உபசாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். “இருக்கட்டும்க்கா, களைப்பு ஒண்ணுமில்ல.”

“களைப்புக்கா சொல்றேன்? சேரிப் புள்ள கையப் புடிச்சு எழுத வச்சீகளாமே. தெருவே பேசுது.”

“நாளைக்கும் புடிப்பேன்க்கா. அதான படிப்பு.”

“புடிங்க, யாரு வேண்டாங்கிறா? அது சர்க்கார் சோலி. குளிச்சிட்டு உள்ள வாங்க, அம்புட்டுத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே செல்லம் என் குரலைக் கேட்டுவிட்டு அழுதாள்; எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அந்த நிலையில் கயிற்றை இழுத்துத் தண்ணீர் இறைத்ததை நான் மறக்கவில்லை. வேறு வீடு பார்த்திருக்கலாமே என்பீர்கள். வீடு கிடைக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மீனாட்சி அக்கா கிடைப்பாரா? பேச்சியின் விரலை விட்டிருக்கலாமே என்று சக மாணவி ஒருத்தி சொன்னாள். அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்குப் போனதும் அவளாகவே மணல் தட்டின் முன் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எப்படி விடுவது?

ஆகவே குளித்தேன். குழந்தைக்குக் கேட்காதபடி வளையலை மேலே ஏற்றிவிட்டு, கொல்லைச் சந்து வழியாகப் பேசாமல் வரக் கற்றுக்கொண்டேன். கீற்றுத் தட்டி மறைவில் குளித்து முடித்ததும் அக்கா உலர்ந்த சேலையைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டு விலகிப் போவார். குமரன் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பொழுது போகாமல் பார்க்கிறான் என்றே நினைத்தேன். ரங்கூனில் அடுத்த வீட்டுப் பர்மாக்காரி மா டின் மடியில் தூங்கி வளர்ந்தவன் அவன். அவள் ‘தனக்கா’ மரப்பட்டையைச் சந்தனம்போல் அரைத்து அவன் கன்னத்தில் பூசி, தன் கிண்ணத்திலிருந்தே மொஹிங்கா ஊட்டுவாள். வாயைத் துடைக்கக்கூட விடமாட்டான்.

கடைசிப் பரீட்சை, இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் நடத்துவது. பேச்சி யாரும் விரல் பிடிக்காமலே தன் பெயரை மணலில் எழுதினாள். நான் தேறிவிட்டேன் என்று தலைமை ஆசிரியை அன்றே கூப்பிட்டுச் சொன்னார். சந்து, வளையல் எல்லாம் மறந்துபோய்த் தெருவழியே ஓடிவந்தேன். குமரன் வாசலில் நின்றான். “அம்மா பாஸாயிட்டேன்டா!” என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினான்.

“நீ இன்னும் குளிக்கலையேம்மா.”

சத்தம் கேட்டு வந்த மீனாட்சி அக்காவுக்கே முகம் மாறிவிட்டது. “அடேய், பெத்தவடா அவ! இன்னைக்கிப் பரவாயில்ல, போயிக் கட்டிக்கடா” என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

எப்போது ரங்கூன் திரும்புவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். மில் பழையபடி ஓடினால் என் வீட்டுக்காரர் வரச்சொல்லி எழுதுவார், வருவோம். மா டின் ஓடிவந்து குமரனைத் தூக்குவாள். அப்போது அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

அன்று நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். குளித்து முடித்தபோது, அக்கா வரவில்லை. குமரன்தான் உலர்ந்த சேலையைக் கொண்டுவந்தான். கல்லில் வைத்தான். என் மேல் படாமல் விலகி நின்று, அழுத கண்ணோடு, “இப்ப எடுத்துக்கம்மா” என்றான்.