தம்மை விடாதே

வம்பாகீரப்பாளையத்தில் கடலடியில் வலை சிக்கிக்கொண்டால் முத்துவேலைத்தான் கூப்பிடுவார்கள். சிலிண்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தம் கட்டி இறங்கினான் என்றால் வலையை விடுவித்துவிட்டுத்தான் மேலே வருவான். அந்தப் பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியாது. கடைசியில் அதுதான் குடியைக் கெடுத்தது.

நாற்பது வயதுக்குமேல் அவன் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா பயிற்சி தரும் கம்பெனி ஒன்றில் படகு ஓட்டப் போனான். முடித்தால் அங்கேயே வேலை கிடைக்கும் என்று மனைவி தனத்தின் தம்பி பாலாஜியையும் பயிற்சியில் சேர்த்துவிட்டான். இருபத்தாறு வயது, சேதராப்பட்டு ஃபேக்டரியில் வேலை போய்ச் சும்மா கிடந்தவன். தாய் தகப்பன் இல்லாத அவனைத் தனம்தான் வளர்த்தாள்.

"உன்ன நம்பித்தான்யா அவன அனுப்பறேன்," என்றாள்.

பயிற்சி கொடுத்த ஜெயசித்ரா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "தண்ணிக்குள்ள மூச்ச அடக்கவே கூடாது. அடக்கிக்கிட்டு மேல ஏறினா உள்ள இருக்கற காத்து விரிஞ்சி நுரையீரல் கிழிஞ்சிடும்."

பாலாஜிக்கோ பதற்றம். புஸ்புஸ்ஸென்று இழுத்துத் தள்ளுவான். மற்றவர்களுக்குப் பாதி சிலிண்டர் மிச்சமிருக்கும்போதே இவனுடையது காலியாகிவிடும். இப்படியே போனால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று ஒருநாள் படகில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

முத்துவேலுக்குப் பொறுக்கவில்லை. ஜெயசித்ரா அந்தப் பக்கம் நகர்ந்ததும் காதோடு சொன்னான்: "அந்தப் பொண்ணு புக்க படிச்சிட்டுப் பேசுது. நான் இருவது வருஷமா தம் கட்டி ஏறி எறங்கறேன், என்னா ஆயிட்டேன்? இழுத்த தம்ம உடாத. காத்து தானா மிச்சமாவும்."

அட கூறுகெட்ட மனுஷா! நீ மேலிருந்து கொண்டுபோனது ஒரே ஒரு மூச்சு. அவன் அடியில் இழுப்பது அழுத்தி அடைத்த காற்று. அது வேறு, இது வேறு. தெரிந்து சொன்னவளைத்தான் நீ மதிக்கவில்லையே.

மாசி மாதம், காலை வெயிலில் எல்லோரும் கடலில் இறங்கினார்கள். முத்துவேல் மட்டும் படகில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் திமிங்கலச் சுறா ஒன்று படகை ஒட்டி மேலே வந்தது. படகைவிட நீளம், முதுகெல்லாம் கோலப்புள்ளி. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதன் பின்னாலேயே விறுவிறுவென்று ஏறி வந்து தலையைத் தூக்கினான் பாலாஜி. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா மாமா! கீழேருந்தே அது கூடவே வந்தேன். தம்ம உடவே இல்ல மாமா!"

"சபாஷ்டா!" என்றான் முத்துவேல்.

அடுத்த நொடி பாலாஜி இருமினான். வாயில் ரத்தநுரை தள்ளியது, கண் செருகிவிட்டது. படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

மூச்சை அடக்காதே என்று எத்தனையோ முறை சொல்லியும் அவன் அடக்கிவிட்டான் என்று போலீசிடம் ஜெயசித்ரா சொன்னாள். முத்துவேல் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். தனம் தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"சொல்பேச்சு கேக்காத பாவி! படிச்சிப் படிச்சிச் சொன்னாங்களாமேடா. ஒரு வார்த்த கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பியேடா!"

செத்தவன் தலையில் இப்படிப் பழி விழுவதை முத்துவேலால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவனத் திட்டாத தனம்," என்றான். "சொல்பேச்சு கேட்டவன்தான் அவன். நான் சொன்னத கேட்டான்."