ரேஸுக்கு ஒரு கார் பாத்துக் குடுங்க

ஹட்டனில் கராஜ் வைத்திருப்பவனிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள்: கார் ஓடினால் போதும் என்பவர்கள் ஒரு வகை, கார் பறக்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் என் அடுப்பு எரிகிறது. இரண்டாம் வகையால் என் வயிறு எரிகிறது.

இலங்கை மலைநாட்டில் இப்போது ரேஸ் பைத்தியம் முற்றியிருக்கிறது. மேட்டு ரோட்டில் ஒவ்வொரு காராக ஏறவிட்டு நேரம் பார்க்கும் போட்டி ஒரு பக்கம். சேற்று மைதானத்தில் கொடிகளை நட்டு, அவற்றைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் இன்னொரு பக்கம். வார நாளில் கடை, பேங்க், தோட்டம் என்று ஒழுங்காக இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டியதும் வேறு பிறவி எடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பிறவி எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அண்ணே, ரேஸுக்கு ஒரு கார் பாத்துக் குடுங்க" என்கிறார்கள். நான் பார்த்துக் கொடுக்கும் காரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் எடுத்த கார் ஓடாவிட்டால் பழி மட்டும் எனக்கு. நீங்களும் யாருக்காவது யோசனை சொல்லிப் பிழைப்பவராக இருந்தால், டாக்டரோ ஜோசியரோ, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கார்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. எந்தக் காரைக் குறை சொன்னாலும், அதை வைத்திருப்பவர் அதிலேயே ஏறி என் கராஜுக்கு வந்துவிடுவார்.

என் தகுதி

ஊருக்கெல்லாம் கார் பார்த்துச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் ஒரு தடவை ஓட்டியிருக்கிறேன். பின்சக்கரத்தில் இழுவை உள்ள பழைய பெரிய கார் ஒன்றை எடுத்துப் போனேன். தார் ரோட்டில் அது ராஜா. சேற்றில் விட்டால், வால் முன்னால் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும். மூன்றாவது கொடியில் அது சுழன்ற சுழற்சியில் கண்ணாடி முழுக்கச் சேறு அப்பி, வைப்பரும் நின்றுவிட்டது. நான் விடவில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்ததோ அந்தப் பக்கம் காலை அழுத்தி மிதித்தேன். ஜனங்கள் கத்தினார்கள், உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

கார் நின்ற இடத்தில் கதவைத் திறந்தால், எதிரே என் கூட்டாளி டிக்சன். கராஜில் வெல்டிங் வேலை முழுக்க அவன் கையில்தான். புறப்படும்போது அவன் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றானோ, இப்போதும் அதே கோட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பே இல்லாமல் குனிந்து கேட்டான்: "என்னண்ணே, எதையாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

படம் நன்றாக வர வேண்டும்

ரூபன் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடை முதலாளியின் மகன். நல்ல பிள்ளை. வாழ்க்கையில் எதையும் முன்பக்கம் இருந்து மட்டும் பார்ப்பவர். ஆட்டோகிராஸ் ஓட ஆசைப்பட்டு வந்தார். நோர்வூட்டில் ஒருவரிடம் இருந்த சின்ன ஹேட்ச்பேக் ஒன்றைக் காட்டினேன். பாரம் குறைவு, முன்சக்கர இழுவை, எங்கே இடித்தாலும் பழைய சாமான் கடையில் கதவு கிடைக்கும். "முதல் வருசம் நீங்க காரை ஒடைப்பீங்க. அதனால, ஒடைஞ்சா மனசு ஒடையாத கார எடுங்க" என்றேன். நான் இதுவரை சொன்னதிலேயே நல்ல யோசனை அதுதான்.

ரூபன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். செருப்பு நுனியால் டயரைத் தட்டினார். பிறகு போனை எடுத்து இன்னொரு காரைக் காட்டினார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பின்னால், துணி காயப் போடலாம் போல ஒரு இறக்கை. புகைக்குழாய்க்குள் ஒரு பூனை குடும்பம் நடத்தலாம். சேற்று மைதானத்தில் இது முதல் குழியிலேயே மூக்கைக் குத்தும் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணே, நீங்க காட்டுற கார்ல ஜெயிச்சாலும் ஃபோட்டோ நல்லா வராது. இதுல தோத்தாலும் சூப்பரா வரும்."

தலைக்கு இடமில்லை

வட்டவளையில் இருந்து பேங்க் அதிகாரி சிவபாலன் வந்தார். ரூபனுக்கு நேர் எதிர். காரின் நிறம்கூட அவருக்குத் தெரியாது. எடை, குதிரை வலு, கியர் கணக்கு எல்லாம் விரல் நுனியில். அவர் சொன்ன கார் உண்மையிலேயே நல்ல தேர்வு. எனக்கு ஒரே ஒரு கவலை. மனிதர் கராஜ் கதவில் குனிந்துதான் உள்ளே வந்தார். காரோ தீப்பெட்டி சைஸ். "சார், ஒரு தடவ உக்காந்து பாத்துருங்களேன்" என்றேன். "உக்காந்து பாக்க இது என்ன சோபாவா?" என்றார்.

கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே கம்பிக்கூடு வைத்து, ரேஸ் சீட்டும் பூட்டி, போட்டிக்குக் கொண்டுபோனோம். ஓடவிடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் ஒரு சிங்கள அதிகாரி சோதிப்பார். சிவபாலன் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்ததும் தலை மேல் கம்பியில் முட்டியது. கழுத்தை இடது தோளில் சாய்த்தால்தான் கதவை மூட முடிந்தது. அதிகாரி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மல்லி, ஒளுவ கோ?" என்றார். தம்பி, தலை எங்கே என்று கேட்கிறார்.

எப்படியோ கெஞ்சி ஓடினார். இடது வளைவுகள் எல்லாம் அருமை. வலது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் கொடிகள் அத்தனையையும் சாய்த்து, கடைசியாக டீ விற்றவரின் மேசைக்கு முன்னால் பிரேக் பிடித்தார். சாய்ந்த கழுத்தோடேயே இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "ரோடுதான் பாதி தெரியல. மத்தபடி கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

ரோடு போட்ட ரேஸ்

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மேனேஜராக இருக்கும் சின்னத்துரைக்கும் ஆசை வந்தது. ஆச்சரியம், நான் சொன்ன காரையே எடுத்தார். பழகுவதற்கு அவருக்கு மைதானம் தேவைப்படவில்லை. ஃபேக்டரியில் இருந்து கீழ் டிவிஷனில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் ரோடு அவருக்குச் சொந்த மைதானம் மாதிரி. அதை ரோடு என்பதே மரியாதைக்குத்தான். ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிடும். பிரசவ வலி வந்த பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் மேலே தூக்கி வருவார்கள். அந்த ரோட்டுக்காக ஜனங்கள் தோட்டத்து ஆபீசுக்கு நடந்து நடந்து, நடந்த பாதைதான் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் "இந்த வருசம் பட்ஜெட் இல்ல" என்பதுதான் பதில்.

சின்னத்துரை பழகிய முதல் வாரமே காரின் வயிறு ஒரு கல்லில் கிழிந்து, எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. அடுத்த வாரம் நான் புது எண்ணெய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அதே ரோட்டில் மண் வெட்டும் பெக்கோ மெஷின் நிற்கிறது. கல் கொட்டுகிறார்கள். ரோலர் ஓடுகிறது. நான் காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அதில் மாரியாயி அக்கா என்று ஒருவர். போன மழைக்காலத்தில் தன் மருமகளை இந்த ரோட்டில்தான் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்களாம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாம். தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம் என்றார்.

வளைவு எப்படி எடுக்க வேண்டும் என்று சின்னத்துரை என்னிடம் கேட்டதும், நான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததும் அக்கா காதில் விழுந்திருக்கிறது. துரை அந்தப் பக்கம் போனதும் அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தொரைக்கு ரொம்பச் சொல்லிக் குடுக்காதீங்க. நல்லா ஓட்டப் பழகிட்டாருன்னா ரோட்டு வேலைய நிப்பாட்டிருவாங்க."

கம்பிக்கூடு

ரூபனுக்கு வருவோம். படுத்துக் கிடந்த அந்தக் காரை வாங்கி, இன்னும் கொஞ்சம் படுக்க வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே கம்பிக்கூடு வைக்க வேண்டும் என்று டிக்சன் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. பின்சீட்டில் ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில் கம்பி வருகிறதாம். டிக்சன் வாக்குவாதம் செய்யவில்லை. ஸ்டியரிங் வீலைக் கழற்றித் தன் சாமான் பெட்டியில் போட்டுப் பூட்டினான். "கூடு ஏறுன பொறகு இது ஏறும்" என்றான். ரூபன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஏறியது, கூடும் ஸ்டியரிங்கும்.

போட்டியன்று ரூபனின் அப்பா, தீபாவளிக்கு முதல் நாள்கூட லீவு கொடுக்காதவர், கடைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றி வந்திருந்தார். எல்லாருடைய டீசர்ட்டிலும் ரூபன் படம். கொடி அசைந்தது. முதல் வளைவை அழகாகவே எடுத்தார். இரண்டாவது வளைவில், மற்றக் கார்கள் தோண்டிப் போட்டிருந்த சேற்றுத் தடத்தில் முன்பம்பர் குத்தி நின்றது, கார் நிற்கவில்லை. பக்கவாட்டில் கிளம்பி ஒரு தரம் உருண்டு, இன்னொரு தரம் உருண்டு, தலைகீழாக விழுந்தது. நான் ஓடினேன். செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றுமில்லை. முதலாளி வேலிக்கம்பியைத் தாண்ட முயன்றுகொண்டிருந்தார்.

டிக்சன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். பெட்ரோல் வாடை. ரூபன் பெல்ட்டில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் ரத்தம். "கை காலை அசைங்க ரூபன்" என்று டிக்சன் கத்தினான். அவர் அசைத்தார். பிறகு கண்ணைத் திறந்து, "டிக்சன் அண்ணே, யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?" என்றார். டிக்சன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எனக்கும்தான்.

சில நாள் கழித்து முதலாளி கராஜுக்கு வந்தார். காரின் கூரை கசங்கிய காகிதம் மாதிரி இருந்தது. உள்ளே ஓட்டுநர் இடத்தைச் சுற்றி டிக்சன் வைத்த குழாய்கள் மட்டும் வளையாமல் நின்றன. முதலாளி அதைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று டிக்சன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். முதலாளி தலையை ஆட்டினார். "இந்தக் கம்பிப் பாரத்துனாலதான் கார் பெரண்டிருக்கு. நான் அப்பவே நெனச்சேன்."

பெண்கள் பிரிவு

மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையே ஸ்கூல் வேன் ஓட்டும் புனிதாவைப் பார்க்காதவர்கள் அந்த ரோட்டில் குறைவு. கணவர் யோகராஜ் போட்டோகாப்பி கடை வைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து வந்தார்கள். பேசியது யோகராஜ் மட்டும். "இவளுக்குச் சும்மா ஒரு ஆட்டோமேட்டிக் பாருங்க. ரொம்ப வேகம் போகாததா." அவருக்கு லைசென்ஸ் கிடையாது. வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அவர் பேசி முடிப்பதற்குள் புனிதா ஒரு அட்டையை விரித்து, நான் நிறுத்தி வைத்திருந்த முதல் காருக்கு அடியில் நுழைந்துவிட்டார். "அண்ணே, அடியில துரு. வேணாம்." இரண்டாவது கார் பளபளப்பாக இருந்தது. அதற்கு, "கதவு ஒரு கலரு, கதவுக்கு உள்பக்கம் ஒரு கலரு. எங்கயோ நல்லா அடி வாங்கியிருக்கு" என்றார். கடைசியில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டிஸ்பென்சரின் கார். லயத்துச் சுவர் மாதிரி வெளுத்துப் போனது. அதைப் பனிமூட்டத்தில் நோர்வூட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நான், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வீங்கித் திரும்பினேன். பின்சீட்டில் யோகராஜ் முருகா முருகா என்று இருந்தார்.

போட்டியன்று மழை. பெரிய கார்கள் எல்லாம் சேற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வெளுத்த கார் அவசரமே இல்லாதது போல் ஒவ்வொரு கொடியையும் உரசாமல் உரசி வந்து நின்றது. அதே எஞ்சின் பிரிவில் ஓடிய ஆண்கள் அத்தனை பேரையும்விடக் குறைந்த நேரம். அறிவிப்பாளர் நேரத்தை இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை அவருக்கே நம்பிக்கை இல்லை.

பரிசு கொடுக்கும்போது புனிதாவைவிடப் பின்னால் வந்த ஒருவருக்கு இடுப்பு உயரக் கோப்பை கிடைத்தது. புனிதாவைத் தனியாக 'பெண்கள் பிரிவு' என்று கூப்பிட்டு, "வீட்டையும் காரையும் ஒண்ணா ஓட்டுற சகோதரி" என்று புகழ்ந்து, ஒரு ரைஸ் குக்கரைக் கையில் கொடுத்தார்கள். யோகராஜுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அந்தக் கப்பு இவளுக்குச் சேர வேண்டியது! நேரத்த எடுத்துப் பாருங்க!" என்று மேடையில் ஏறப் போனார், நானும் டிக்சனும் பின்னாலேயே போனோம். அமைப்பாளர் ஒருவர், அது வேறு பிரிவு, இது வேறு பிரிவு என்று எங்களுக்கு விளக்கினார். புனிதா குக்கர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "சார், எங்க வீட்ல குக்கர் இருக்கு. ரெண்டாவது பரிசு பிளெண்டராமே? அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா ஓட்டட்டுமா?"

இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ரேஸுக்குக் கார் பார்த்துத் தரச் சொல்லி வருபவர்களில் பெரும்பாலானோர், ஏற்கெனவே ஒரு காரைக் காதலித்து முடித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் தேடித்தான் என் கராஜ் வாசலில் நிற்கிறார்கள்.