கண்ணை மூடினால் கைக்குத் தெரியவில்லை

இன்று காலை ஆம்பூரிலிருந்து முனுசாமியும் மனைவியும் ரயிலில் வந்து, காட்பாடியில் ஜட்கா வண்டி பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

டேனரியில் தோல் சீவும்போது கத்தி அவர் முன்கையில் இறங்கி நரம்பை அறுத்து மூன்று மாதமாகிறது. கை தேறிவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலை.

போன மாதம் செய்த அதே சோதனைதான். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களுக்கிடையே டாக்டரம்மா ஒரு சாவியை வைத்து, என்ன என்று கேட்டார்.

கதவருகே நின்ற மனைவி ஒருமுறை இருமினாள்.

“சாவி” என்றார் முனுசாமி.

அடுத்து பட்டன். இரண்டு இருமல்.

“பட்டன்.”

“நீ கொஞ்சம் வெளிய இரும்மா” என்றார் டாக்டரம்மா. அவள் போனதும், எதையும் வைக்காமல், “இப்ப என்ன இருக்கு?” என்று கேட்டார்.

முனுசாமி வெறும் விரல்களை இறுக மூடிக்கொண்டு, “சாவிதாம்மா” என்றார்.

கத்தி வேலை கூடாது என்று டாக்டரம்மா எழுதினார்.

சீட்டை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். மனைவி அதைப் பார்க்கவேயில்லை.

“சிஸ்டர், அந்தக் கையால என்னைத் தொட்டாகூட அவருக்குத் தெரியாதா?”

நர்ஸ் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.